ரைட்... ஹோல்டான்!

என் சித்தப்பா முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். 'நாள் முழுக்க விசில் ஊதுறவனுக்கு நுரையீரல் இரும்பு மாதிரி இருக்கும்' என்பது அவருடைய கொள்கை. ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் இறங்கி ஒரு சிகரெட் பிடிப்பது அவருடைய பழக்கம். கொள்கைக்கும் பழக்கத்துக்கும் பல வருஷமாக நடந்த போட்டியில் போன ஆடி மாதம் ரிசல்ட் வந்தது. வலது நுரையீரலின் அடிப் பகுதியில் ஒரு கட்டி. மூன்று சென்டிமீட்டர். கேன்ஸர்.

"கட்டி சின்னதுதான். வேற எங்கேயும் பரவலை. ஆனா ஆபரேஷனைத் தாங்கற அளவுக்கு இவர்கிட்ட மூச்சு இல்லை" என்றார் டாக்டர். "ரேடியேஷன் குடுத்துடலாம். அஞ்சே தடவை."

நம் ஊரில் இதற்கு 'கரன்ட் வைக்கிறது' என்று பெயர். சித்தி உடனே, "ஷாக் அடிக்குமா டாக்டர்?" என்று கேட்டாள். அடிக்காது. வலிக்கக்கூடச் செய்யாது. சாதாரண எக்ஸ்ரேயைவிட வீரியம் மிகுந்த கதிர்களைப் பல திசைகளிலிருந்து அனுப்பி, எல்லாம் கட்டியில் வந்து சேரும்படி செய்கிறார்கள். அவ்வளவுதான்.

கூடப் போக ஓர் ஆள் வேண்டும் என்றதும் மொத்தக் குடும்பமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். எங்கள் குடும்ப அகராதியில் அந்த வார்த்தைக்கு 'பகலில் சும்மா இருப்பவன்' என்று அர்த்தம்.

* * *

கரன்ட் வைப்பதற்கு முன்னால் ப்ளானிங் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. கட்டி சரியாக எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்காக எடுக்கிற சி.டி. ஸ்கேன். சித்தப்பாவை ஸ்கூல் பெஞ்ச் மாதிரி தட்டையான ஒரு கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார்கள். முதுகுக்குக் கீழே ஒரு பை. அதிலிருந்து காற்றை உறிஞ்சினால் அவர் உடம்பின் அச்சிலேயே இறுகிவிடும். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி படுக்க வேண்டுமே, அதற்கு. மார்பிலும் விலாவிலும் அடையாளத்துக்குக் கடுகளவு பச்சை குத்தினார்கள்.

"பச்சைதான் குத்தறீங்கன்னா என் சம்சாரம் பேரையே குத்திடும்மா" என்றார் சித்தப்பா.

"இடம் பத்தாது ஐயா" என்றார் அந்தப் பெண். அவர் மெடிக்கல் ஃபிசிஸிஸ்ட். பார்த்தால் காலேஜ் முடித்துப் போன வருஷம்தான் வேலைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவார் என்றால், அந்தக் கதிர் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு போக வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் இவர். நானும் கணக்குதான் படித்தேன். பி.காம். அதைப் பற்றி அப்போது வாயைத் திறக்கவில்லை.

கடைசியாக, சித்தப்பாவின் வயிற்றின் மேல் ஒரு சின்ன ப்ளாஸ்டிக் பெட்டியை வைத்தார்கள். அதில் பளபளவென்று பொட்டுகள். கட்டிலின் கால் பக்கத்தில் ஒரு கேமரா. வயிறு ஏறி இறங்கினால் பெட்டி ஏறி இறங்கும், கேமரா அதைப் பார்க்கும், கம்ப்யூட்டர் திரையில் அலை அலையாக ஒரு கோடு ஓடும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை ஓரமாக நிற்க அனுமதித்தார்கள்.

"ஐயா, சாதாரணமா மூச்சு விடுங்க" என்றார் மைக்கில்.

நீங்களே இப்போது முயற்சி செய்து பாருங்கள். இந்த வரியைப் படிக்கும்வரை உங்கள் மூச்சு யார் உதவியும் இல்லாமல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. 'சாதாரணமாக மூச்சு விடு' என்று யாராவது சொன்ன நிமிஷமே அது இன்டர்வியூவுக்குப் போன பையன் மாதிரி திருதிருவென்று முழிக்கும். சித்தப்பாவின் கோடு ஐந்தாறு அலை ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஒரு பெருமூச்சு. அப்புறம் தொடர்ந்து மூன்று சின்ன மூச்சு. அப்புறம் முப்பது வருஷத்து சிகரெட் எல்லாம் சேர்ந்து ஒரு இருமல்.

முடிந்ததும் அந்தப் பெண் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வந்தார்.

"ஸார், நாளைக்கு மறுபடி ஒரு தடவை எடுக்கணும்."

எனக்கு வந்ததே கோபம். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, சித்தி கட்டிக் கொடுத்த இட்லியோடு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறோம். "மெஷின் தப்புக்கு நாங்க ஏன் நாளைக்கும் வரணும்? இதுக்கும் ஒரு பில் போடுவீங்களா?" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"பில் கிடையாது ஸார். மெஷின் தப்பும் இல்லை. மூச்சு சரியா அமையலை."

"அப்ப மூச்சு விட்டது எங்க சித்தப்பா குத்தமா?"

சக்கர நாற்காலியிலிருந்து சித்தப்பா குரல் வந்தது. "டேய், சவுண்டு குடுக்காதே. பாப்பா ஏதோ காட்டணும்ங்குது. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன்.

* * *

திரையில் சித்தப்பாவின் நுரையீரல். அதற்கு அடியில் உதரவிதானம். பத்தாம் வகுப்பில் படம் போட்டு பாகம் குறித்தோமே, அதே உதரவிதானம்தான். கவிழ்த்த கிண்ணம் மாதிரி வழவழவென்று இருக்க வேண்டியது, இந்தப் படத்தில் மாடிப்படி மாதிரி வெட்டு வெட்டாக இருந்தது. அதற்கு மேலே கட்டி. அதன் மேல் பாதி ஒரு இடத்திலும் கீழ்ப் பாதி கொஞ்சம் நகர்ந்து வேறு இடத்திலும் இருந்தது.

"இதுல எது ஸார் கட்டி? எதுக்குக் குறி வைக்கட்டும்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நடந்தது இதுதான். சினிமா போஸ்டர் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஹீரோவின் முழு உருவம் ஒரே காகிதத்தில் வராது. ஷீட் ஷீட்டாக அச்சடித்து, சுவரில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டுவார்கள். ஒட்டுகிறவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஹீரோவின் மூக்கு ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம் போய்விடும். சி.டி. மெஷினும் நுரையீரலை ஒரே மூச்சில் முழுசாகப் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்குத் துண்டு துண்டாகப் படம் எடுத்துக்கொண்டே கட்டிலை நகர்த்துகிறது. நான்காவது துண்டு எடுக்கும்போது சித்தப்பா சின்ன மூச்சு விட்டிருக்கிறார். ஐந்தாவது துண்டில் பெருமூச்சு. இரண்டும் ஒட்டாமல் போய்விட்டன.

"திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தா கதிர் ஜாஸ்தியாகாதா?" என்று கடைசி அம்பை விட்டேன்.

"ஜாஸ்திதான் ஸார். இந்த மாதிரி ஸ்கேனே சாதாரண ஸ்கேனைவிடப் பல மடங்கு. அதனாலதான் இவ்ளோ நேரம் யோசிச்சேன். ஆனா வைத்தியத்துல குடுக்கப்போற அளவோட வெச்சுப் பார்த்தா இது சில்லறை. அந்தப் பெரிய நோட்டு சரியான இடத்துக்குப் போகணுமில்ல?"

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. போய் ஒரு சிகரெட் வாங்கினேன். பற்றவைக்கவில்லை என்று எழுத ஆசைதான். பற்றவைத்தேன். மாடிப்படி மாதிரி இருந்த அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. பாதியில் போட்டேன்.

* * *

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து படித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். பி.காம். புரிதல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் டாக்டர் இல்லை. இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினீயர். தாத்தா வீட்டில் நாய் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டு இருந்ததே, அதே குடும்பத்துக் கம்பெனி. 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்தது தலையை. தலையில் ஒரு சௌகரியம் உண்டு. பிடித்து வைத்தால் ஆடாமல் இருக்கும். 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

நுரையீரலைப் பிடித்து வைக்க முடியாது. சித்தர் மரபில் மனிதனுக்கு ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று ஒரு கணக்கு உண்டு. வகுத்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 15. ஒரு மூச்சுக்கு 4 செகண்ட். இன்றைய டாக்டர்கள் பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை என்கிறார்கள். பரவாயில்லை, கணக்கு இடிக்கவில்லை.

அந்த 4 செகண்டில் கட்டி எவ்வளவு தூரம் போய் வருகிறது? ஜப்பானில் ஹொக்கைடோவில் 20 நோயாளிகளின் கட்டியிலோ பக்கத்திலோ குட்டித் தங்க மணியைப் பதித்து, எக்ஸ்ரேயில் அது ஓடுவதைப் பார்த்தார்கள். ஆய்வு 2002-ல் வெளியானது. நுரையீரலின் அடிப் பகுதியில், எலும்பு கிலும்போடு ஒட்டாமல் இருக்கிற கட்டிகள் சராசரியாக 12 மில்லிமீட்டர் மேலும் கீழும் போய் வந்தன. சித்தப்பாவின் கட்டியும் அந்த ஏரியாதான். அதிலும் பாதிப் பேருக்குக் கட்டி மேலே போகிற பாதை வேறு, கீழே வருகிற பாதை வேறு. ஒன்வே ட்ராஃபிக்!

சாதாரண ஸ்கேனில் இது தெரியாது. ஓடுகிற பஸ்ஸை போட்டோ எடுத்து, 'பஸ் இங்கேதான் நிற்கிறது' என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். தெரியாததால் முன்பெல்லாம் என்ன செய்தார்கள் என்றால், கட்டியைச் சுற்றி தாராளமாக ஓரம் விட்டார்கள். தாராளம் என்றால் எவ்வளவு? நான் கால்குலேட்டரை எடுத்தேன். 3 சென்டிமீட்டர் உருண்டையின் கொள்ளளவு 14 கன சென்டிமீட்டர். சுற்றிலும் 1 சென்டிமீட்டர் ஓரம் சேர்த்தால் அது 65 ஆகிறது. அதாவது 14 ரூபாய் கடனுக்கு 65 ரூபாய் வசூல். மிச்ச 51-ம் ஒரு தப்பும் செய்யாத நல்ல நுரையீரல். அதில் கதிர் ஏகமாகப் பட்டால் நுரையீரல் அழன்று போய் மூச்சுத் திணறல் வரும். ஏற்கெனவே மூச்சுக்குத் தரித்திரம் பிடித்த மனிதருக்கு இது கட்டுப்படியாகுமா?

'மூச்சை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டியதுதானே' என்று கேட்கலாம். பிராணாயாமத்தில் பூரகம், கும்பகம், ரேசகம் என்று மூன்று உண்டு. இழுப்பது, நிறுத்துவது, விடுவது. நடுவில் வருகிற கும்பகத்தில் கதிர் கொடுக்கிற முறை நிஜமாகவே இருக்கிறது. ஆனால், கும்பகம் செய்யத் தெம்பு இருந்தால் சித்தப்பாவுக்கு ஆபரேஷனே செய்திருப்பார்களே!

எனவே விஞ்ஞானிகள் கட்டியின் மூச்சையே படம் பிடிக்கலாம் என்று இறங்கினார்கள். 2003-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா, நியூயார்க், செயின்ட் லூயிஸ் என்று மூன்று இடத்துக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வழி சொன்னார்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரு முழு மூச்சு நேரம் திரும்பத் திரும்பப் படம் எடு. எடுக்கும்போதே வயிற்றுப் பெட்டியின் அலையையும் பதிவு செய். அப்புறம் கம்ப்யூட்டரை விட்டு, மூச்சின் எந்தக் கட்டத்தில் எடுத்த படம் என்று பிரித்து அடுக்கு. பெரும்பாலும் 10 கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரே ஹீரோ, பத்து போஸ்டர். பத்தையும் வரிசையாக ஓட்டினால் கட்டி ஏறி இறங்குவது சினிமா மாதிரி தெரியும். நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றோடு நேரமும் சேர்ந்ததால் இதற்கு ஃபோர் டி சி.டி. என்று பெயர். 2006-ல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம், கட்டி 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் மூச்சைக் கணக்கில் எடுத்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்று அறிக்கையே போட்டது.

எல்லாம் சரி. இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை. மனிதன் ஒரே மாதிரி மூச்சு விடுவான் என்று மெஷின் நம்புகிறது!

* * *

2008-ல் ஸ்டான்ஃபோர்டில் 50 நோயாளிகளின் ஃபோர் டி படங்களை எடுத்து வைத்துக்கொண்டு தப்பு கண்டுபிடித்தார்கள். நம் ஆடிட்டர் மாதிரி. 50-ல் 45 பேரின் படத்தில் ஒரு இடத்திலாவது ஒட்டு பிசகியிருந்தது. உதரவிதானத்திலும் இதயத்திலும் அந்தப் பிசகு சராசரியாக 11.6 மில்லிமீட்டர். ஜப்பானில் கட்டி நகர்ந்த தூரமே 12 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட கடன் அளவுக்குக் கணக்கிலேயே பிழை.

இதில் பயங்கரம் என்னவென்றால், இந்தத் தப்பு ஒரு நாளோடு போவதில்லை. காமர்ஸ் படித்தவர்களுக்கு உடனே புரியும். ஏப்ரல் 1-ம் தேதி ஓப்பனிங் பேலன்ஸைத் தப்பாக எழுதிவிட்டால், அப்புறம் வருஷம் முழுக்க எவ்வளவு கவனமாகக் கணக்கு எழுதினாலும் மார்ச் 31-ல் டாலி ஆகாது. ப்ளானிங் ஸ்கேன்தான் ஓப்பனிங் பேலன்ஸ். அது கோணலானால், ஐந்து தடவையும் கதிர் அதே கோணல் கணக்கில்தான் போகும். 2020-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் ஓர் ஆய்வு செய்தார்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் பரவிய கட்டிகளுக்கு இந்த மாதிரி சில தடவைகளில் முடிகிற வைத்தியம் செய்தவர்கள் சிலரின் ப்ளானிங் படத்தில் பிசகு இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு, வைத்தியம் செய்த இடத்திலேயே கட்டி மறுபடி தலைதூக்குவது அதிகமாக இருந்ததாம்.

அதைப் படித்ததும் எனக்கு வியர்த்தது. மறுநாள் வரச் சொன்னதற்காகத்தானே அந்தப் பெண்ணிடம் வராந்தா அதிரக் கத்தினேன்? 'பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம்' என்று அவர் அந்தப் படத்தையே வைத்துக்கொண்டிருந்தால் எனக்கோ சித்தப்பாவுக்கோ ஜன்மத்துக்கும் தெரிந்திருக்காது. இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்திருப்போம்.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழியில் போகிறார்கள். முதல் வழி, மனிதனைத் திருத்துவது. 'இழுங்க... விடுங்க...' என்று ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டே இருப்பது, அல்லது கண்ணெதிரே சின்னத் திரையில் அவருடைய மூச்சு அலையையே காட்டி, இந்தக் கோட்டோடு ஒட்டிப் போங்கள் என்பது. சிலருக்கு நன்றாக உதவுகிறது. சிலருக்கு, சொல்லச் சொல்ல இன்னும் குழறுகிறது. ட்ரைவிங் ஸ்கூலில் பக்கத்து ஸீட்டில் இருப்பவர் கத்தக் கத்த நமக்கு க்ளட்ச் மறந்துபோகுமே, அந்தக் கதை.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. மெஷினைத் திருத்துவது. பழைய மெஷின் டைம் கீப்பர் மாதிரி. ஒரு துண்டுக்கு இத்தனை செகண்ட் என்று முதலிலேயே எழுதி வைத்துவிடும். நேரம் ஆனதும் விசில். அந்தத் துண்டில் நோயாளி மெதுவாக மூச்சு விட்டு, பாதியில் நின்றிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. வண்டி கிளம்பிவிடும். அதே ஹாம்பர்க் குழுவினரும் சீமென்ஸ் கம்பெனியும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட முறை வேறு மாதிரி. மெஷின் அலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூச்சு சரியாக ஆரம்பித்தால்தான் கதிரைத் திறக்கும். இழுத்து, விட்டு, ஒரு மூச்சு முழுசாகக் கிடைத்த பிறகுதான் அடுத்த துண்டுக்குக் கட்டிலை நகர்த்தும். 2021-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் நோயாளிகளிடம் செய்து பார்த்த முதல் மதிப்பீடும் வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் இன்னொரு குழு, துண்டு போடுகிற வேலையே வேண்டாம் என்று, மூச்சு விட விட முழு மார்பையும் சரசரவென்று 25 தடவை ஸ்கேன் செய்து, அதிலிருந்து அந்த மனிதரின் மூச்சுக் கணக்கைக் கம்ப்யூட்டரிலேயே கட்டுகிறது.

காலையில் காபி குடிக்கும்போது இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரே வரியில் முடித்தார்.

"கிழவி ஏற்ற வரைக்கும் நிக்கணும்டா. டைம் ஆச்சுன்னு விசில் குடுத்தா படியிலதான் விழுவா."

* * *

மறுநாள் மறுபடி அதே கட்டில், அதே பை, அதே பெட்டி. அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது காத்திருக்கத் தெரியாத மெஷின். புது ரகம் எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. ஆனால், அந்தப் பெண்ணுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. டாக்டரிடம் கேட்டு, இருமலுக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்திருந்தார். கட்டிலில் படுக்க வைத்ததும் ஸ்கேனை ஆரம்பிக்கவில்லை. விளக்கைக் கொஞ்சம் குறைத்தார். "சாதாரணமா மூச்சு விடுங்க" என்ற அந்தப் பொல்லாத வாக்கியத்தைச் சொல்லவே இல்லை.

"ஐயா, கடைசி ட்ரிப் முடிஞ்சு டிப்போவுக்கு வண்டி காலியா திரும்புது. நீங்க முன் ஸீட்ல உக்காந்திருக்கீங்க. நான் கூப்பிடற வரைக்கும் எந்திரிக்க வேண்டாம்" என்றார்.

பத்து நிமிஷம். திரையில் கோடு முதலில் துள்ளியது. அப்புறம் மெல்ல மெல்லப் படிந்தது. ஒரு அலை, அதே மாதிரி இன்னொரு அலை, அதே மாதிரி இன்னொன்று. முப்பத்திரண்டு வருஷக் களைப்பு எல்லாம் அந்த முன் ஸீட்டில் சாய்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் பட்டனை அழுத்தினார்.

படம் வந்தது. உதரவிதானம் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வழவழவென்று இருந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு கட்டி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

"ஸாரி மேடம், நேத்து..." என்று இழுத்தேன்.

"தினம் ஒருத்தர் கத்துவாங்க ஸார். படத்தைப் பார்த்துட்டுப் போனது நீங்க ஒருத்தர்தான்" என்றார். பார்க்கச் சொன்னது சித்தப்பா என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

சித்தப்பாவின் கட்டி 14 மில்லிமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு ஓடுகிற கட்டிக்கு இரண்டு வழி உண்டாம். பஸ் போகிற ரூட் முழுக்கக் கதிர் கொடுப்பது ஒன்று. ஸ்டாப்பில் காத்திருந்து, பஸ் வந்தால் மட்டும் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதை 1989-லேயே ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். மூச்சை விட்டு முடித்த இடத்தில் உடம்பு கொஞ்சம் இளைப்பாறும். கட்டியும் அங்கே கொஞ்சம் நிற்கும். அந்த நேரத்தில் மட்டும் கதிர் திறக்கும். மூச்சை இழுக்க ஆரம்பித்ததும் தானே மூடிக்கொள்ளும். நேரம் கொஞ்சம் கூட ஆகும். நல்ல நுரையீரல் தப்பிக்கும். சித்தப்பாவுக்கு அதைத்தான் முடிவு செய்தார்கள்.

விளக்கிச் சொன்னபோது சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்ப அந்த மெஷினுக்கும் ரைட், ஹோல்டான் உண்டுன்னு சொல்லு."

* * *

உங்கள் வீட்டில் யாருக்கும் இது வர வேண்டாம். வந்தால் மட்டும் மூன்று விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ப்ளானிங் ஸ்கேனுக்கு முன்னாலேயே இருமல், சளி, நிமிர்ந்து படுத்தால் திணறல் என்று இருப்பதையெல்லாம் சொல்லிவிடுங்கள். இரண்டு, ஒத்தாசை செய்கிறேன் என்று அவர்கள் சொல்லாமல் மூச்சை அடக்க வேண்டாம். மூன்று, 'கட்டி மூச்சில் எவ்வளவு நகர்கிறது, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. மறுபடி எடுக்கணும் என்றால் ஏன் என்றும் கேளுங்கள். கத்தாமல் கேளுங்கள். கத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நான் இருக்கிறேன்.

ஐந்து தடவையும் முடிந்துவிட்டது. கரன்ட் வேலை செய்ததா என்று உடனே தெரியாது. மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதுவரை சித்தி தினம் ஒரு கோயில். எனக்கு டீக்கடையில் வெறும் டீ மட்டும். இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். கணக்கு மட்டும் எனக்கு ஒழுங்காக வரும்.

கடைசி நாள் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மெஷின் ஒரு தடவை சுற்றி வந்து நின்றது. ஸ்பீக்கரில் குரல் வந்தது.

"முடிஞ்சுது ஐயா. இறங்கலாம்."

கட்டில் இன்னும் உயரத்தில்தான் இருந்தது. மெதுவாகக் கீழே வந்துகொண்டிருந்தது. சித்தப்பா அசையவில்லை. கையை இன்னும் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"வண்டி நிக்கட்டும்மா. நின்னப்புறம் இறங்கறேன்."